எல்லைப்புறத்தில் முதுமை



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்று பரந்து வாழும் நமக்கு ஊரிலிருந்து வரும் செய்திகளுள் மிகவும் அச்சந் தருவது எது? "அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள், எழுந்திருக்க முடியவில்லை" என்னும் அந்த ஒரு வரிதான். அன்றிரவே ரயிலில் இடந் தேடி அலைகிறோம். போய்ச் சேர்ந்தால் பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து நாள் விடுப்பு. முறிந்த இடுப்பெலும்பு கூடுவதற்கோ திங்கள் சில ஆகும். அதன் பின்னும் அவர் முன்போல் நடமாடுவார் என்பதற்கு உறுதியில்லை. விடுப்பு முடிந்து நாம் திரும்பிய மறுநாட் காலையில் அவரை எழுப்பி உட்கார்த்துபவர் யார்?

இவ்வினா நம் வீட்டு வினா மட்டுமன்று. இதற்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றைக் கேரளத்தின் கிழக்கெல்லையில், பாலக்காட்டுச் சமவெளியிலும் இடுக்கி மலைகளிலும் வாழ்கின்ற தமிழ் மக்களிடையே வைத்து இன்று காண விழைகிறோம். அவ்விடத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம், நாமும் அப்பக்கத்தவர் என்பது மட்டுமன்று. முதுமைக் காப்பு என்றவுடன் மருத்துவரையும் மருந்தையுமே நாம் நினைக்கிறோம். அவ்வெல்லைப்புறத்து வரலாறோ அவற்றுக்கு முன்னதாக வேறொரு கேள்வியை வைக்கிறது: முதியவர் படுத்திருக்கும் வீடு யாருடையது?

முதலில் இடத்தைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம். பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டங்கள் அல்ல. இடையே வேறு மாவட்டங்கள் உள்ளன. ஆயினும் இரண்டும் தமிழ்நாட்டைத் தொட்டு நிற்பவை. கோயம்புத்தூரிலிருந்து வாளையாற்றைக் கடந்தால் பாலக்காடு. போடியிலிருந்து மலையேறிப் போடிமெட்டைக் கடந்தாலும், கம்பத்திலிருந்து ஏறிக் குமுளியைக் கடந்தாலும் இடுக்கி. பாலக்காடு 1956 வரை சென்னை இராச்சியத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் கிழக்கே உள்ள சித்தூர் (ஆந்திரத்துச் சித்தூர் அன்று) கொச்சி அரசுக்கு உரியதாயிருந்தது. தேவிகுளம், பீருமேடு ஆகிய மலை வட்டங்களோ திருவிதாங்கூருக்கு உரியவை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவை யாவும் கேரளத்திற்கு வந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல்.

தேவிகுளமும் பீருமேடும் எந்த மாநிலத்தைச் சேரவேண்டும் என்ற வழக்கு நடந்தபோது ஒரு வாதம் பேசப்பட்டது. அங்குள்ள தமிழர் பெரும்பாலும் தோட்டக் கூலிகள்; வேலைக்கு வந்து போகிறவர்கள்; நிலையான குடிகள் அல்லர் என்பதே அவ்வாதம். எல்லை வழக்கை மறுபடி எழுப்புவது நம் நோக்கமன்று. அது முடிந்த கதை. ஆனால் 'வந்து போகிறவர்கள்' என்னும் அச்சொல்லை மட்டும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வந்து போகிறவனுக்கு இளமை மட்டுந்தான் உண்டு. அவன் முதுமை எய்துவது வேறெங்கோ என்று கொள்ளப்படுகிறது.

மலையின் கதை 1877இல் தொடங்குகிறது. அவ்வாண்டு பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் குத்தகையாகப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி நிறுவப்பட்டது. அதன் பின்னணியில் கிளாஸ்கோ நகரத்து ஃபின்லே வணிக நிறுவனம் இருந்தது. காட்டை வெட்டித் தேயிலை வைப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். நிலமற்றோரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருமே பெரும்பாலும் மலையேறினர். அவர்கள் தங்குவதற்கு வரிசை வரிசையாகச் சிறு அறைகள் கட்டினார்கள். அவற்றிற்கு 'லைன்' என்று பெயர். மக்கள் வாயில் அது 'லயம்' ஆயிற்று. இசையில் லயம் என்றால் ஒன்றியிருத்தல். ஒரு சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள் இருமலையும் ஏச்சையும் பகிர்ந்துகொண்டு வாழும் வாழ்க்கைக்கு அப்பெயர் தானாகவே பொருந்திவிட்டது.

அக்காலத்தில் மலையில் முதியவர்கள் அதிகம் இல்லை. மலேரியாக் காய்ச்சல் பலரை முதுமை வரை விடவில்லை. விடப்பட்டவர்களோ கை தளர்ந்ததும் அடிவாரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மலை இளைஞரை வாங்கிற்று. முதியவரைத் திருப்பித் தந்தது. முதுமையின் செலவு கூலிக் கணக்கில் ஏறவேயில்லை. அச்செலவைப் போடிக்கும் கம்பத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் அப்பாலிருந்த வறண்ட சிற்றூர்கள் தம் தலையில் ஏற்றுக்கொண்டன. இதே காலத்தில், 1908ஆம் ஆண்டில், பிரிட்டனில் முதியோர் உதவித்தொகைச் சட்டம் நிறைவேறி, 1909 ஜனவரி முதல் எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் கிடைக்கலாயிற்று. கிளாஸ்கோவில் பங்கு வைத்திருந்தவருக்குப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்த ஏழைக் கிழவருக்கு அரசு பணம் கொடுத்தது. அவருக்கு இலாபம் ஈட்டித் தந்த தேயிலையைக் கிள்ளிய கிழவிக்கு ஊருக்குப் போகும் வழி மட்டும் காட்டப்பட்டது.

இரண்டாந் தலைமுறையிலும் மூன்றாந் தலைமுறையிலும் நிலை மாறிற்று. மலையில் பிறந்து, மலையில் மணந்து, மலையிலேயே பேரன் எடுத்தவர்களுக்கு 'சொந்த ஊர்' என்பது குலதெய்வத்தின் பெயரோடு சேர்ந்த ஒரு பெயர் மட்டுமே ஆகிவிட்டது. அங்கே வீடில்லை, பங்காளிகள் முகம் தெரியாது. போவதற்கு இடமில்லாமற் போன பின்னர்தான் மலையில் முதுமை என்பது ஒரு கேள்வியாயிற்று.

விடுதலைக்குப் பின் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951, பெரிய மாறுதல் என்பதில் ஐயமில்லை. குடியிருப்பும் மருத்துவமும் தருவது முதலாளியின் கடமை என்று அச்சட்டம் விதித்தது. தோட்டந்தோறும் சிறு மருத்துவமனையும், பல தோட்டங்களுக்குப் பொதுவாகப் பெரிய மருத்துவமனையும் ஏற்பட்டன. பேறுகாலமும் காய்ச்சலும் காயமும் ஒழுங்காகக் கவனிக்கப்பட்டன. நகரத்து ஏழைக்கு அன்று கிடைக்காத வசதி அது. 1957இல் வைப்புநிதித் திட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தது. 1972இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. ஆனால் இவை எல்லாவற்றிற்கும் நடுவில் ஓர் ஆணி இருந்தது. வீடும் மருத்துவமும் 'தொழிலாளி'க்கு உரியவை. ஓய்வுபெற்ற மறுநாள் அவர் தொழிலாளி அல்லர். லயத்து அறையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தோட்டத்து மருத்துவரிடம் செல்லவேண்டுமானால் வேலையிலிருக்கும் மகனைச் 'சார்ந்தவர்' என்ற முறையில்தான் செல்லவேண்டும்.

இங்கே ஒரு சொல்லை எடுத்துக்காட்ட அனுமதிக்க வேண்டும். சட்டங்களை மொழிபெயர்ப்பதே நமக்குத் தொழில். மூலத்தில் உள்ள பால் வேறுபாடு தமிழில் வரும்போது சில வேளை நழுவிவிடும். ஆதலால் அதனை விழிப்போடு பார்ப்பது நம் வழக்கம். அச்சட்டத்தில் 'குடும்பம்' என்பதற்குக் கூறப்பட்டிருந்த விளக்கம் வாழ்க்கைத் துணையையும் பதினெட்டு வயது நிரம்பாத மக்களையும் சேர்த்தது. தொழிலாளி ஆணாயின், அவனைச் சார்ந்து வாழும் பெற்றோரையும் சேர்த்தது. ஆணாயின்! தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருவர் வாழ்கிறார்கள் என்று கொள்வோம். ஒருத்திக்கு மகன் தோட்டத்தில் வேலை செய்கிறான், மற்றொருத்திக்கு மகள். முதலாமவள் சட்டத்தின் கண்ணில் குடும்பத்தினள். இரண்டாமவள் விருந்தாளி. 2010ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இவ்வேற்றுமையை நீக்கிப் பெண் தொழிலாளியின் பெற்றோரையும் குடும்பத்தில் சேர்த்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டு வயதான சட்டம் ஒரு சொல்லை அடிப்பதற்கு அவ்வளவு காலம் ஆயிற்று. 2020இல் இயற்றப்பட்ட புதிய தொழிற் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வீட்டைக் காத்துக்கொள்ள மக்கள் தாமே ஒரு வழி கண்டார்கள். தாய் ஓய்வுபெறும்போது மகனோ மகளோ மருமகளோ அவ்வேலையில் சேர்ந்துவிட்டால் லயம் குடும்பத்தின் கையில் நிற்கும். ஆகவே படித்து மலையிறங்க வேண்டிய பிள்ளைகளுள் ஒருவர் தேயிலைச் செடிக்கே திரும்பினார். பெற்றோரின் கூரையைக் காப்பதற்கு ஒரு பிள்ளையின் எதிர்காலம் விலையாயிற்று. இதனை நாம் தியாகம் என்று புகழ்வது எளிது. அவ்வாறு புகழ்வதற்கு நமக்கு மனம் வரவில்லை; ஏனெனில் அப்பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

பீருமேட்டுப் பக்கத்தில் இந்த வழியும் அடைபட்டது. 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது அங்கே பல தோட்டங்கள் மூடப்பட்டன. தோட்டம் மூடியதும் மருத்துவமனையும் மூடியது. பணிக்கொடையும் வைப்புநிதி நிலுவையும் வழக்குகளாயின. லயங்கள் மட்டும் ஒழுகிக்கொண்டு நின்றன. இளைஞர் வேலை தேடி இறங்கிவிட, முதியோர் அங்கேயே இருந்தனர். மூணாற்றில் 2005இல் தோட்டங்கள் தொழிலாளரும் பங்குதாரராகும் புதிய கம்பெனிக்கு மாறின. 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர் தொழிற்சங்கத் தலைவர்களைப் புறக்கணித்துத் தாமே தெருவில் அமர்ந்து 20 சதவீத போனஸ் கேட்டுப் போராடினார்கள். அன்று நாட்கூலி 232 ரூபாய். போனசுக்கும் கூலிக்கும் அடுத்தபடியாக அவர்கள் பேசியது அந்த ஓரறை வீட்டைப் பற்றியே. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் மறைந்தன. பாட்டியும் தாயும் பேரக் குழந்தையும் ஒரே கூரையின்கீழ் உறங்கிய வீடுகள் அவை.

மலையை இவ்வளவில் நிறுத்திச் சமவெளிக்கு இறங்குவோம். சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்பேசும் உழவரும் வயற்கூலிகளும் பன்னெடுங்காலமாக வாழ்கிறார்கள். பாலக்காட்டைச் சுற்றிக் கல்பாத்தி, நூரணி, தத்தமங்கலம் முதலிய இடங்களில் தமிழந்தணரின் அக்கிரகாரங்கள் உள்ளன. மும்பை மாதுங்காவிலும் தில்லிக் கரோல்பாகிலும் நம் அண்டை வீட்டாராக வாழ்ந்த பாலக்காட்டுக்காரர்கள் இங்கிருந்து வந்தவர்களே. 1862இல் ரயில் வந்தது. 1866இல் ஒரு பள்ளி தோன்றி, பின்னர் 1888இல் விக்டோரியாக் கல்லூரியாக வளர்ந்தது. ரயிலும் ஆங்கிலக் கல்வியும் ஓரூரில் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. நேயர்களுள் பலர் அதன் விளைவாகவே இன்று வெளிமாநிலங்களில் இருக்கிறீர்கள். பிள்ளைகள் போனார்கள். நிலத்துக் குத்தகை நெல்லை நம்பிப் பெற்றோர் இருந்தார்கள்.

அந்த நிலையில் 1969இல் திருத்தப்பட்ட கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குத்தகை முறை ஒழிந்தது, உழுதவன் உடையவனானான். நம் பொருளுக்கு இச்சட்டம் மிகவும் முக்கியமானது. நிலத்தைப் பற்றிய சட்டமாகவே எல்லாரும் இதனைப் பேசுகிறார்கள். இதனை முதுமையைப் பற்றிய சட்டமாகவும் படிக்கலாம்; படிக்கவும் வேண்டும் என்பது நம் கருத்து.

அக்கிரகாரத்து முதியவருக்கு வீடு இருந்தது. வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த நெல் நின்றது. எஞ்சியிருந்த பிள்ளையும் வெளியேறினான். திண்ணையும் முற்றமும் கொண்ட நீண்ட வீடுகளில் இருவர், பிறகு ஒருவர், பிறகு பூட்டு.

வயற்கூலிக்கு நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவனுக்குக் 'குடிகிடப்பு' உரிமை கிடைத்தது. குடிசையையும் அதைச் சுற்றிய சிறு மனையையும், ஊராட்சிப் பகுதியாயின் பத்து சென்ட் வரையில், அவன் சொந்தமாக்கிக்கொள்ள வழி பிறந்தது. அதற்குமுன் நிலக்காரர் "எழுந்து போ" என்றால் கிழவனும் கிழவியும் பானையைத் தூக்கிக்கொண்டு எழவேண்டும். இப்போது அவர்கள் தம் மண்ணில் படுத்துத் தம் மண்ணில் சாகலாம். 1980இல் கேரள அரசு வேளாண் தொழிலாளருக்கு மாதம் 45 ரூபாய் ஓய்வூதியமும் தொடங்கிற்று. பத்து சென்ட் மனை, ஒரு தென்னை, இரண்டு ஆடு, மாதம் பிறந்தால் ஒரு சிறு தொகை. பெரிய செல்வமன்று. ஆயினும் வீட்டில் அவர் பேச்சு எடுபடுவதற்கு அது போதுமானதாயிருந்தது. மனை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குக் கஞ்சி நேரத்துக்கு வரும் என்பதைக் கிராமத்தில் பிறந்த எவரும் அறிவர்.

மூன்றாமவர் தோட்டத்துத் தொழிலாளி. தோட்டங்களுக்கு அச்சட்டத்தின் நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தேயிலையும் காப்பியும் ரப்பரும் துண்டு துண்டாக்கினால் நசிந்துவிடும் என்பது காரணம். அது பொருளற்ற காரணமுமன்று. ஆனால் லயத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்குக் குடிகிடப்பு உரிமையும் இல்லாமற் போயிற்று. சமவெளியில் குடிசைக்குக் கிடைத்தது மலையில் லயத்துக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஆண்டில், ஒரே சட்டத்தின்கீழ், ஒரு தமிழ் மூதாட்டி வீட்டுக்காரியானாள். மற்றொருத்தி வந்து போகிறவளாகவே இருந்தாள்.

இனி மருத்துவப் பக்கத்துக்கு வருவோம். 1967இல் இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், குணப்படுத்த முடியாத நோயாளிகளின் வலியைத் தணித்துக் கடைசி நாட்களைக் காக்கும் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அக்கருத்து உலகெங்கும் பரவிற்று. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் வலி தணிப்புக்கென ஒரு மருத்துவப் பிரிவைத் தொடங்கினார்கள். இலண்டனில் நோயாளி இல்லத்துக்குப் போனார். கோழிக்கோட்டில் அது மெல்ல மெல்லத் திரும்பிற்று. கட்டிலோடு கிடப்பவரைப் பேருந்தில் ஏற்றி நூறு கல் தொலைவு கொண்டுவருவது கொடுமை என்று கண்டதும், மருத்துவம் நோயாளியின் வீட்டுக்குப் போகத் தலைப்பட்டது. மலப்புறம் மாவட்டத்தில் ஊர் மக்களே பணந் திரட்டி, தொண்டர்களாகச் சேர்ந்து, நோயாளிகளைக் கணக்கெடுத்து அதனை ஓர் இயக்கமாக்கினார்கள். 2008 ஏப்ரலில் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. ஆசியாவில் ஓர் அரசு இத்தகைய கொள்கை வகுத்தது அதுவே முதன்முறை என்பர்.

இதன் வேலைமுறை எளியது. ஊராட்சி தன் திட்டப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தை நடுவாகக் கொண்டு, மூன்று திங்கள் தனிப் பயிற்சி பெற்ற ஒரு செவிலி ஜீப்பிலோ ஆட்டோவிலோ வீடு வீடாகச் செல்கிறாள். படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுகிறாள். சிறுநீர்க் குழாயை மாற்றுகிறாள். இரத்த அழுத்தம் பார்க்கிறாள். மருமகளுக்கு மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைக் கற்றுத் தருகிறாள். ஆஷா பணியாளரும் வார்டு உறுப்பினரும் யார் எந்த வீட்டில் கிடக்கிறார் என்று சொல்கிறார்கள். கடினமான நோயாளிகளை வட்ட மருத்துவமனைக் குழு பார்க்கிறது. தொடக்கத்தில் புற்றுநோயாளிகளுக்கென்று எண்ணப்பட்ட இத்திட்டம், நடைமுறையில் பக்கவாதம் வந்தவர்களையும் தள்ளாமையால் கிடக்கையானவர்களையும் தாங்கும் திட்டமாகிவிட்டது. நெடுநாட் காப்புக்கென ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் காப்புறுதித் திட்டங்களை ஏற்படுத்தின. அவை செல்வ நாடுகளின் வழி. கேரளம் கண்டது ஊராட்சியின் வழி. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மருந்தையும் இயன்முறைச் சிகிச்சையையும் கொண்டுசெல்கிறது. மலையிறங்கித் தேனிப் பக்கம் வந்து தங்கிவிட்ட முதியோர் இதனால் பயன்பெறலாம்.

முதியோர் விடுதிகளும் கேரளத்தில் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை வேண்டியவையே, ஆனால் அவற்றைப் பற்றி விரித்துரைக்க நமக்கு இன்று பொழுதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் அறுபது வயது கடந்தோர் 12.6 சதவீதம், நாடு முழுமைக்கும் அது 8.6. இத்தனை பேரையும் விடுதியில் வைக்க எந்நாட்டாலும் இயலாது. பெரும்பாலோர் வீட்டில்தான் முதுமையைக் கழிப்பர்.

வீட்டில் என்றோம். மறுபடியும் அந்தப் பழைய கேள்வியிடம் வந்துவிட்டோம்! வீடு தேடி வரும் மருத்துவத்துக்கு வீடு வேண்டுமல்லவா? அக்கிரகாரத்துப் பெரியவரை அது எளிதில் கண்டுபிடிக்கிறது. ஆனால் செவிலி போன பின் அவருக்குத் தண்ணீர் எடுத்துத் தர வீட்டில் ஆளில்லை. குடிகிடப்பு மனையில் இருப்பவருக்கு வீடும் உண்டு, பெரும்பாலும் ஆளும் உண்டு. அங்கேதான் இத்திட்டம் நன்றாக நடக்கிறது. லயத்தில் ஆள் உண்டு. வீட்டுக்கோ வேலையின் ஆயுளே ஆயுள்.

மற்றொரு தடை மொழி. கேரளத்தில் இம்மருத்துவத்துக்குச் 'சாந்த்வன பரிசரணம்' என்று பெயர். நம் பக்கத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சை என்கிறோம். அலுவலக மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நம் சொல் சரியானது என்று சான்று தருவோம். கேட்கும் கிழவியின் நெஞ்சில் அவர்கள் சொல்லே விரைவாக இறங்கும் என்பதையும் ஒப்புக்கொள்வோம். செவிலி மலையாளத்தில் "வேதன உண்டோ?" என்று கேட்கிறாள். அவள் கேட்பது உடல்வலியை. தமிழ்க் கிழவிக்கு வேதனை என்றால் மனத்துயர். "அதுக்கென்ன தாயி குறைச்சல்" என்று அவள் தன் மகன் கதையைத் தொடங்கிவிடுகிறாள். 'நோவு' என்று கேட்டால் இருவருக்கும் விளங்கும். அச்சொல் இரு மொழிக்கும் பொது. குடைச்சல் என்று நாம் சொல்வதற்கு அங்கே 'கடச்சில்' என்னும் சொல் உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதலாம் என்று உரிமை தந்திருக்கிறது. மனு எழுதுவதற்கு அது உதவும். புண்ணின் எரிச்சலுக்கும் குத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வதற்கு, தமிழ் தெரிந்த செவிலி ஒருத்தியே உதவுவாள். எல்லைப்புறத்து ஊராட்சிகளில் அத்தகையோரை அமர்த்துவதை யாரேனும் ஒரு விதியாக்கினால் நன்று.

நம் அன்னையார் சித்தூர் வட்டத்துக் கிராமம் ஒன்றில் தனியே இருக்கிறார்கள். தில்லிக்கு வந்தால் குளிரும், நான்காம் மாடியும், பேச ஆளின்மையும் அவர்களுக்கு ஒவ்வவில்லை. விழுந்தது அவர்களேதான். விடுப்பு முடிந்து நாம் திரும்பிய மறுநாள் அவர்களை எழுப்பி உட்கார்த்தியவர், முன்னொரு காலத்தில் எங்கள் நிலத்தில் குடிகிடந்து இன்று தம் பத்து சென்டில் வாழும் ஒரு பெண்மணி. செவிலி வியாழன்தோறும் வந்தார். இருவரும் சேர்ந்து நம் வேலையைச் செய்தார்கள் என்பதை எழுதுவதற்கு நமக்கு நாணமாகத்தான் இருக்கிறது.

நேயர்களுக்குப் பயன்படும் என்று ஒன்றிரண்டு செய்திகள். ஊரில் பெற்றோர் தனியே இருப்பின், நோய் வருமுன்னரே அவ்வார்டு ஆஷா பணியாளருக்கும் ஊராட்சி உறுப்பினருக்கும் அவர்களை அறிமுகம் செய்து வையுங்கள். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி பெற்றோர் தாம் வாழுமிடத்துத் தீர்ப்பாயத்திலேயே முறையிடலாம். பிள்ளை எம்மாநிலத்தில் இருந்தாலும் அவனுக்கு அழைப்பாணை வரும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மிகக் குறைந்த தொகை 2014 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. முன்னாள் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள், பெற்றோருக்கு அது முறையாக வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எழுபது வயது நிறைந்த எவருக்கும் வருமானம் பாராமல் மருத்துவக் காப்பு தரும் மத்திய அரசுத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உதவும். வீட்டில் கிடக்கும் மாதங்களுக்கு உதவாது.

அன்னையார் தேறிய பின், ஒரு வேலையாக மூணாற்றுப் பக்கம் செல்ல நேர்ந்தது. அங்கே ஒரு லயத்தில், வலப்பக்கம் விழுந்துபோன மூதாட்டி ஒருத்தியின் காலைச் செவிலி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். மகள் அன்று வேலைக்குப் போகாமல் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் செவிலி குறிப்பேட்டை எடுத்துப் பெயர், வயது, வார்டு என்று எழுதி வந்தார். வீட்டு எண் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். மூதாட்டி லயத்தின் எண்ணையும் அறையின் எண்ணையும் நாக்குழறாமல் சொன்னாள். அறுபதாண்டுகளாகச் சொல்லி வந்த எண்கள். மகள் மட்டும், அதனைப் பென்சிலால் எழுதிக்கொள்ளும்படி மெல்லக் கேட்டாள். அவளுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.